பழைய கேஸ் உள்ளவருக்கு நீண்ட தண்டனை: வேலூரிலிருந்து மேல்முறையீடு செய்வோர் அறிய வேண்டியவை

"அவன்மேல ஏற்கெனவே நிறைய கேஸ் இருக்கு. ஐகோர்ட்டுக்குப் போனா மட்டும் விட்டுடுவாங்களா?" சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் தீர்ப்பு நாளன்று தண்டனை பெற்றவரின் வீட்டார் அதிகம் கேட்பது இதைத்தான். இப்படி நினைத்தே மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. மேல்முறையீட்டில் அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் விசாரணைக்கு வருவதில்லை. ஒரே ஒரு தீர்ப்புதான் வருகிறது. பழைய வழக்குகள் அதற்குள் எங்கே நுழையலாம், எங்கே நுழையக் கூடாது என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லையைக் காகிதம் காகிதமாக எடுத்துக் காட்டுவதுதான் இத்தகைய மேல்முறையீட்டில் பாதி வேலை.

முதல் சில நாட்கள்

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலைக் குற்றவாளிக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 404, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 363). அந்த நகல் தொரப்பாடி மத்தியச் சிறைக்கு அவர் கூடவே போய்விடும். வீட்டார் கையில் ஒன்றும் இருக்காது. எனவே தீர்ப்பு சொன்ன அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நகல் பிரிவில் சான்றிட்ட நகலுக்குத் தனியாக மனுப் போடுங்கள். தீர்ப்போடு நிறுத்தாமல் குற்றச்சாட்டு வனைந்த தாள், எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலம், குறியீடு செய்த ஆவணங்கள், எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கேள்வி கேட்டுப் பதிந்த தாள் எல்லாவற்றையும் கேளுங்கள்.

நகலில் ஒரு சின்ன முத்திரைக் கட்டம் இருக்கும். மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாகத் தேதிகள். கெடுவைக் கணக்கிடுவது இந்தக் கட்டத்தை வைத்துத்தான். ஐகோர்ட்டுக்கு 60 நாள், செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகல் தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. கட்டணம் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போட்டதைப் பார்க்காமல் விட்டால், அந்தத் தாமதத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கெடு தாண்டினாலும் கதவு அடைபட்டுவிடாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். உள்ளே இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கனிவாகவே பார்க்கின்றன. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் "வறுமையால் முடியவில்லை" என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் நகல் வந்தது, யார் எப்போது வக்கீலைப் பார்த்தார்கள், இடையில் என்ன தடை என்று எழுத வேண்டும்.

எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதிலும் வீண் அலைச்சல் நடக்கிறது. செஷன்ஸ் நீதிபதி, கூடுதல் செஷன்ஸ் நீதிபதி, அதே அந்தஸ்தில் உள்ள மகிளா கோர்ட், போக்சோ, போதைப்பொருள் சிறப்புக் கோர்ட் தீர்ப்பென்றால் தண்டனை எத்தனை வருடமானாலும் ஐகோர்ட். மற்ற எந்தக் கோர்ட்டும் 7 வருடத்துக்கு மேல் தண்டித்திருந்தால் அதுவும் ஐகோர்ட். மாஜிஸ்திரேட் தீர்ப்பும், பழைய முறையில் சார்பு நீதிபதி உதவி அமர்வு நீதிபதியாக இருந்து 7 வருடமோ அதற்குக் குறைவாகவோ தண்டித்த தீர்ப்பும் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டுக்கே போகும். அங்கே கெடு 30 நாள்தான். கொள்ளை வழக்கில் சார்பு நீதிமன்றம் 7 வருடம் போட்டதற்கு நேராகச் சென்னைக்கு ரயில் ஏறி, திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே வருவதற்குள் கெடு போயிருக்கும். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதால் இந்தக் குழப்பம் கூடிற்று. தீர்ப்பின் முதல் பக்கத்தில் எந்த நீதிமன்றம், நீதிபதி எந்த அதிகாரத்தில் உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கும். அதை முதலில் படியுங்கள். வேலூர்ப் பகுதி வழக்குகளுக்குச் சென்னை முதன்மை அமர்வுதான். மதுரைக் கிளை தென்மாவட்டங்களுக்கு.

வக்காலத்தில் உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அதிகாரி சான்றிட வேண்டும். இதில் அடிக்கடி வரும் கோளாறு பெயர்தான். குற்றப்பத்திரிகையில் ஒரு பெயர், "என்கிற" போட்டு இன்னொரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர். தீர்ப்பில் உள்ளபடியே, பட்டப்பெயர் உட்பட, தகப்பனார் பெயரோடு எழுதினால் மனு திரும்பி வராது.

வக்கீலுக்குப் பணமில்லை என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. எத்தனை பழைய வழக்கு இருந்தாலும் இலவச வக்கீல் உரிமை உண்டு. சிறை வழியாக மனுக் கொடுக்கலாம். கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வீட்டார் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஐகோர்ட் வழக்கை அங்குள்ள சட்டப் பணிகள் குழு எடுத்து நடத்தும். மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு நகலும் வக்கீலும் தருவது அரசின் கடமை என்று 1978-லேயே ஹாஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலே கிடைக்காத நிலையிலும், உள்ளே இருப்பவர் தன் கைப்பட எழுதிச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அதுவே மேல்முறையீடு. அதிகாரி அதை உரிய கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கெடு முடியப் போகிறதென்றால் முதலில் இதைச் செய்யுங்கள். வக்கீலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழைய கேஸ்களைப் பிரித்தல்

போலீஸ் தரப்பு கொடுக்கும் பட்டியலில் பத்துப் பதினைந்து வரி இருக்கும். குற்ற எண், நிலையம், பிரிவு. அதைப் பார்த்ததும் நீதிமன்றத்தில் காற்றே மாறிவிடும். அந்தப் பட்டியலை வரி வரியாக உடைத்து ஒரு அட்டவணை போடுங்கள்: சம்பவ நாள், குற்ற எண், வழக்கு எண், இப்போதைய நிலை, முடிவு வந்த நாள், என்ன தண்டனை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணோ பெயரோ கொடுத்தால் பெரும்பாலானவை கிடைக்கும். குடியாத்தம், காட்பாடி, ஆம்பூர் என்று வெவ்வேறு கோர்ட்டுகளில் சிதறிக் கிடப்பதைத் தனித்தனியாகத் தேட வேண்டும். பொறுமை கேட்கிற வேலைதான். ஆனால் மேல்முறையீட்டுக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை.

அட்டவணை முடிந்ததும் பட்டியல் பல கூறாகப் பிரியும். விடுதலையானவை முதலில். அந்தத் தீர்ப்புகளின் சான்றிட்ட நகலை எடுத்து வையுங்கள். போலீஸ் பட்டியலில் "விடுதலை" என்று எழுதாமல் குற்ற எண்ணை மட்டும் போட்டிருப்பது சகஜம். அடுத்து நிலுவையில் உள்ளவை. முதல் தகவல் அறிக்கையோ குற்றப்பத்திரிகையோ இருப்பதனால் ஒருவர் முன்தண்டனை பெற்றவராகிவிட மாட்டார். பிறகு ரவுடி சரித்திரப் பதிவேடு. அது காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கோப்பு. கோர்ட் கொடுத்த தீர்ப்பு அல்ல. கோட்டாட்சியர் முன் எழுதிக் கொடுத்த நன்னடத்தைப் பிணையும் தண்டனை ஆகாது. குண்டர் சட்டம் என்று ஊரில் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டப்படி உள்ளே வைத்திருந்தால் அதுவும் தடுப்புக் காவல்தான். அதை எதிர்க்கும் வழியே வேறு: அரசுக்கு முறையீடு, அறிவுரைக் கழகம், ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. இதையும் மேல்முறையீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஒன்றுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொன்றும் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

எஞ்சுவதுதான் உண்மையான முன்தண்டனை. அதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது.

பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 75, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 13, சொத்து சம்பந்தமான குற்றங்களுக்கும் நாணயம், முத்திரை சம்பந்தமான குற்றங்களுக்கும் மறுதண்டனையைக் கூட்ட வழி செய்கிறது. 10 வருடம் வரை, ஏன், ஆயுள் வரைகூடப் போகலாம். ஆனால் முந்தைய குற்றம் 3 வருடமோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அதில் தண்டனை பெற்ற பிறகு இரண்டாவது குற்றம் நடந்திருக்க வேண்டும். இந்த வரிசைதான் முக்கியம். ஒரே மாதத்தில் நடந்த நாலு திருட்டுக்கு நாலு கோர்ட்டில் அடுத்தடுத்து தண்டனை வந்தால், நாலாவதற்கு முதல் மூன்றும் முன்தண்டனை ஆகிவிடாது. தீர்ப்பு நாளையும் சம்பவ நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். விசாரணைக் கோர்ட்டில் யாரும் எழுதிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

முன்தண்டனையை வைத்துத் தண்டனையைக் கூட்டுவதென்றால் அதைக் குற்றச்சாட்டிலேயே நாள், இடத்தோடு சொல்லியிருக்க வேண்டும். தண்டனை விதிக்கும் முன் எந்தக் கட்டத்திலும் சேர்க்கலாம், ஆனால் சேர்த்தாக வேண்டும். இந்த வழக்கில் குற்றவாளி என்று முடிவு சொல்லும் வரை அந்தப் பகுதியை எதிரிக்கு வாசிக்கக்கூடக் கூடாது. மறுத்தால் அரசு தரப்பு நிரூபிக்க வேண்டும். சான்றிட்ட நகலோ சிறைச் சான்றோ மட்டும் போதாது, அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவர்தான் என்பதற்கும் சாட்சியம் வேண்டும். இந்த ஊர்ப் பக்கம் ஒரே பெயரும் ஒரே தகப்பனார் பெயரும் உள்ளவர்கள் ஒரே தெருவில் இருவர் இருப்பது அபூர்வமல்ல. இந்தப் படிகள் எதுவும் இல்லாமல் "எதிரி பல வழக்குகளில் தொடர்புடையவர், ஆகவே" என்று தீர்ப்பு கடுமையான தண்டனைக்குத் தாவியிருந்தால், அதுவே வலுவான காரணம். மேல்முறையீட்டு மனுவில் அதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும்.

முன்தண்டனைகள் எப்படி உருவாயின என்பதும் பேச வேண்டிய விஷயம். சின்னத் திருட்டு வழக்கில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் நாலைந்து மாதம் உள்ளே கிடப்பார்கள். "ஒத்துக்கிட்டா இருந்த காலமே தண்டனைன்னு இன்னிக்கே வெளிய போயிடலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்டுவார்கள். அன்று வெளியே வந்தது உண்மை. ஆனால் இ.த.ச. 379 என்பது 3 வருடம் வரை தண்டிக்கத்தக்க குற்றம். கொடுத்தது நாலைந்து மாதமாக இருந்தாலும் 75-ஆவது பிரிவுக்கு அது போதும். குற்றத்தை ஒப்புக்கொண்ட தீர்ப்புக்குப் பின்னால் மேல்முறையீடும் தண்டனையின் அளவு, சட்டபூர்வம் இரண்டைப் பற்றி மட்டுமே செய்ய முடியும். ஆகவே இன்னும் நிலுவையில் பழைய வழக்கு உள்ளவர்கள், பெரிய வழக்கில் மேல்முறையீடு ஓடும்போது சின்ன வழக்கை ஒப்புக்கொண்டு முடிக்கும் முன் மேல்முறையீட்டு வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். புதிய சட்டம் நடப்புக்கு வந்த 1.7.2024 முதல் நடந்த திருட்டு என்றால் இது இன்னும் கூர்மையாகிறது. பி.என்.எஸ். 303(2) மறுமுறை தண்டனை பெறுபவருக்குக் குறைந்தது 1 வருடக் கடுங்காவல், அதிகம் 5 வருடம் என்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய இ.த.ச. தண்டனையைத் தாண்டிப் புதிய சட்டத்தின் கூடுதல் தண்டனையைப் போட முடியாது.

சிறுவயது வழக்குகளையும் விடாதீர்கள். சம்பவ நாளன்று 18 வயது முடியாதவராக இருந்து, இளைஞர் நீதிக் குழுமம் கொடுத்த முடிவு இருந்தால், அதை வைத்து அவருக்குத் தகுதிக்கேடு எதுவும் வரக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். இப்போதைய வழக்கிலேயே அவர் அன்று 18-க்குக் கீழ் என்றால், அந்த வாதத்தை எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பிறகும் எழுப்பலாம். பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ தேடி எடுங்கள்.

கஞ்சா வழக்குகளில் மறுகுற்றத்துக்குத் தனிக் கணக்கு. காட்பாடி சந்திப்பில் ரயிலில் பிடிபடும் வழக்குகளால் இந்தப் பக்கம் இது நிறைய. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: 10 முதல் 20 வருடம். முன்தண்டனை நிரூபிக்கப்பட்டால் போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். 31-ஆம் பிரிவுப்படி குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒன்றரை மடங்காகி, 15 முதல் 30 வருடம். அதனால் 20 கிலோவை ஒட்டிய வழக்குகளில் எடை என்பது வருடக் கணக்கான வித்தியாசம். பையோடு எடை போட்டார்களா, பொட்டலத் தாளோடு போட்டார்களா, எந்தத் தராசு, மாஜிஸ்திரேட் முன் 52-ஏ பிரிவுப்படி மாதிரி எடுத்தார்களா, மாதிரியின் முத்திரையும் ஆய்வக அறிக்கையில் உள்ள முத்திரையும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

குற்றத் தீர்ப்பை எதிர்த்து என்ன எழுதுவது

பழைய ஆள் என்றாலே சாட்சியம் ஒரே அச்சில் வரும். பஸ் நிலையம் அருகே வாகனச் சோதனை, சந்தேகப்படும்படி நின்றவர் பிடிபட்டார், கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் முன்னிலையில் ஒப்புதல் வாக்குமூலம், அதன்பேரில் நகை மீட்பு, மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் தாளில்) கையெழுத்து. வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிவகுத்த பகுதி மட்டுமே சாட்சியமாகும். "இதற்கு முன் இன்னின்ன ஊரில் திருடினேன்" என்ற பகுதியெல்லாம் குறியீடு செய்யப்பட்டுத் தீர்ப்பிலும் ஏறியிருந்தால் அது தவறு. கெட்ட நடத்தை உடையவர் என்பதை, எதிரி தன் நற்பெயரை முன்வைக்காத வரை, குற்றத்துக்குச் சாட்சியமாக எடுக்க முடியாது (முன்பு சாட்சியச் சட்டம் 54, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 49). புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறி "எதிரிமீது பல வழக்குகள் உள்ளன" என்று சொன்ன வரியையும், தீர்ப்பில் அது எதிரொலித்த பத்தியையும் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள்.

மீட்பு மகஜரைக் கையில் எடுத்தால் அதன் உள்ளடக்கத்தைவிட ஓரங்களைப் பாருங்கள். காலை 6 மணிக்குக் கைது, 7 மணிக்கு வாக்குமூலம், 9 மணிக்கு மீட்பு என்று இருக்கும். அதே பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பிய படிவம் 95-ல் நீதிமன்ற முத்திரைத் தேதி எது? கைதான மறுநாளா, மூன்று வாரம் கழித்தா? மகஜரும் முதல் தகவல் அறிக்கையும் மாஜிஸ்திரேட் கைக்குச் சேர்ந்த நேரத்தை அவர் சிற்றொப்பத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார். புகாரில் "செயின்" என்று மட்டும் இருந்து, மீட்பில் கொக்கி உடைந்த 3 பவுன் முறுக்குச் செயின் என்று வர்ணனை கூடியிருந்தால், புகார்தாரர் அதைக் கோர்ட்டில் எப்படி அடையாளம் சொன்னார்? வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட்டவர் குறுக்கு விசாரணையில் "நிலையத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லியிருந்தால், அந்த வரி தீர்ப்பில் வந்திருக்கிறதா? தீர்ப்பு மௌனமாகத் தாண்டிய வரிகள்தான் மேல்முறையீட்டின் உணவு.

அடையாளம் காட்டுவதில் பழைய ஆளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. அவர் படம் ஏற்கெனவே நிலையத்தில் இருக்கும். கைதானதும் செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அதன்பிறகு சிறையில் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு என்ன மதிப்பு என்பது நியாயமான கேள்வி. படம் வெளியான தேதியும் அணிவகுப்புத் தேதியும் பதிவில் இருந்தால்தான் அதை வாதிட முடியும். கண்காணிப்புக் கேமரா பதிவு என்றால் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் தாக்கல் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆயுதத்தோடு நடந்த கொள்ளைக்கான இ.த.ச. 397 சேர்த்து 7 வருடக் குறைந்தபட்சத் தண்டனை போட்டிருந்தால், ஆயுதம் யார் கையில் இருந்தது என்று சாட்சிகள் சொன்னதைப் பாருங்கள். அந்தப் பிரிவு ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே பொருந்தும், கூட நின்றவருக்கு அல்ல.

விசாரணையில் கொடுக்காத புதிய ஆவணத்தை ஐகோர்ட்டில் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. கூடுதல் சாட்சியத்துக்குப் பிரிவு இருந்தாலும் (பி.என்.எஸ்.எஸ். 432) அது அரிதாகவே கிடைக்கும்.

தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன்

மேல்முறையீட்டோடு சேர்த்தே தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 430, முன்பு 389). 10 வருடமோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றமென்றால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் எதிர்க்க வாய்ப்புத் தருவார்கள். அந்த எதிர்ப்பின் சாரமே பழைய வழக்குப் பட்டியல்தான். முன்பு சொன்ன அட்டவணை இங்கேதான் கைகொடுக்கும். "15 வழக்கு" என்பது "விடுதலை 9, நிலுவை 4, தண்டனை 2, அந்த இரண்டும் அனுபவித்து முடிந்தன" என்று ஆனால் கேட்பவர் பார்வை வேறாகிறது. குறிப்பிட்ட வருடக் கணக்கில் தண்டனை என்றால் நிறுத்திவைப்பைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 1999-லும், மேல்முறையீட்டை நியாயமான காலத்தில் விசாரிக்க முடியாதபோது ஆளை உள்ளேயே வைத்திருப்பது நீதியாகாது என்று 1977-ல் காஷ்மீரா சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கஞ்சா வணிக அளவு வழக்கில் மட்டும் என்.டி.பி.எஸ். 37-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை (இவர் குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், ஜாமீனில் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் தெரிய வேண்டும்) குறுக்கே நிற்கும்.

முதல் மனு தள்ளுபடியானால் சில காலம் உள்ளே கழிந்தபின் மீண்டும் போடலாம். போடும்போது சிறையிலிருந்து இதுவரை கழித்த காலச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் வாங்குங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் சிறை மருத்துவப் பதிவேடும், வெளியே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருந்தால் அந்தச் சீட்டுகளும் வேண்டும்.

உத்தரவு வந்தும் ஆள் வெளியே வராமல் போவதற்குப் பெரிய காரணம் இன்னொரு வழக்கு. இந்த வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கும். குடியாத்தம் வழக்கொன்றில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை) போட்டு ரிமாண்ட் காட்டியிருப்பார்கள். அல்லது வாய்தாவுக்குப் போகாத பழைய வழக்கில் பிடியாணை நிலுவையில் இருக்கும். எனவே நிறுத்திவைப்பு மனு போடும் முன்னரே எல்லா நிலுவை வழக்கிலும் ஜாமீன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்கு அந்தந்தக் கோர்ட்டில் மனுப் போட்டுவிடுங்கள். ஜாமீன்தாரர் இருவர் தேவைப்படுவது வழக்கம். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது நகல்களோடு தயாராக வைத்திருங்கள். ஏற்கெனவே வேறு வழக்கில் இவருக்கே ஜாமீன் நின்றவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 2023-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் கோர்ட் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம்.

வெளியே வந்தவர் மாதத்தின் முதல் வேலை நாளில் காலை 10.30-க்கு விசாரணைக் கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். ஒருமுறை தவறினாலும் அரசு தரப்பு நிறுத்திவைப்பை ரத்து செய்யக் கேட்கும். பழைய வழக்கு உள்ளவருக்கு இரண்டாம் முறை அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

வருடக் கணக்கு

குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றாலும் வருடங்களைக் குறைக்க இடம் உண்டு. இதைப் பலர் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி வாதமாக வைக்கிறார்கள். எங்கள் கருத்தில் இது முழுத் தயாரிப்புக்கு உரியது.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் சிறைக்குப் போன தண்டனை வாரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். "ஏககாலத்தில்" என்ற சொல் தீர்ப்பில் இருந்து வாரண்டில் விடுபட்டால், சிறை அலுவலகம் வாரண்டைத்தான் கணக்கில் எடுக்கும். ஒரே வழக்கில் பல பிரிவுக்குத் தண்டனை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஏககாலத்தில் (ஒரே நேரத்தில் சேர்ந்து) என்று சொல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; பி.என்.எஸ்.எஸ். படி ஏககாலமா, ஒன்றன்பின் ஒன்றா என்று கோர்ட்டே சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு வழக்கில் தண்டனை அனுபவிப்பவருக்கு வேறு வழக்கில் தண்டனை வந்தால், ஏககாலத்தில் என்று சொல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் (பி.என்.எஸ்.எஸ். 467, முன்பு 427). எனவே பல வழக்குக்காரர் ஒவ்வொரு தீர்ப்பு நாளிலும், ஏற்கெனவே ஓடும் தண்டனையின் விவரத்தை நீதிபதியிடம் எழுத்தில் கொடுத்து ஏககாலம் கேட்க வேண்டும். அங்கே கேட்காமல் விட்டதை ஐகோர்ட்டில் கேட்கலாம். இக்ராம் வழக்கு நல்ல உதாரணம். மின்திருட்டு வழக்குகள் ஒன்பது, ஒவ்வொன்றிலும் 2 வருடம், அடுத்தடுத்து ஓடி 18 வருடம் என்றாகியிருந்தது. ஐகோர்ட் கைவிரித்தபின் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஏககாலத்தில் ஓடச் செய்தது. வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் நடந்த பெருங்குற்றங்களுக்கு இவ்வளவு எளிதில் கிடைக்காது. ஒரே தொடர்ச்சியில் நடந்தவை என்று காட்ட முடிந்தால் வாய்ப்பு கூடும். ஆயுள் தண்டனைகள் இரண்டு இருந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட முடியாது. 2016-ல் தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை முடிவு செய்தது.

விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைக் கழிப்பதிலும் தவறு நடக்கும். இரண்டு வழக்கில் ஒரே சமயம் ரிமாண்டில் இருந்தவருக்கு ஒரு வழக்கில் கழித்துவிட்டோம், மற்றதில் கிடையாது என்பார்கள். 2001-ல் நஜாகத் அலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் வழக்கிலும் அந்தச் சலுகை உண்டு என்று சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் ரிமாண்ட் ஆன நாளும் ஜாமீன் நாளும் கையில் இருந்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

தண்டனை அளவைப் பற்றிக் கேட்காமலே விதித்தார்களா என்றும் பாருங்கள். குற்றவாளி என்று சொன்ன பிறகு தண்டனை குறித்து அவர் பேச உண்மையான வாய்ப்புத் தர வேண்டும் என்று சாந்தா சிங் வழக்கில் 1976-லேயே சொல்லியாகிவிட்டது. "கேட்டபோது குற்றமற்றவன் என்றார்" என்ற ஒரு வரியோடு முடித்திருந்தால் அதை எடுத்துக்காட்டி, குடும்ப நிலை, உடல்நிலை, சிறையில் கற்ற தொழில், கடைசித் தண்டனைக்குப் பின் வழக்கே இல்லாமல் இருந்த வருடங்கள் எல்லாவற்றையும் ஆவணமாக வையுங்கள்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தண்டிக்கப்பட்டவர் செய்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது என்று சட்டமே சொல்கிறது. அரசு தனியாக மேல்முறையீடு செய்தால் அந்தக் கேள்வி வரலாம். எதிரி போட்ட மேல்முறையீட்டுக்குள் ஐகோர்ட் தானாக முன்வந்து தண்டனையைக் கூட்டியதை, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே பயந்து பின்வாங்க வேண்டியதில்லை.

அபராதத்தைக் கட்டாவிட்டால் வரும் சிறை, மூலத் தண்டனை முடிந்த பிறகு தனியாக ஓடும், ஏககாலத்தில் கலக்காது. மேல்முறையீட்டில் அபராதத்தையும் கட்டத் தவறினால் வரும் சிறையையும் குறைக்கத் தனியாகக் கேளுங்கள். பகுதி நாட்களை அனுபவித்தபின் மீதிக்கு உரிய தொகையைக் கட்டினாலும் அந்தச் சிறை முடிந்துவிடும்.

தீர்ப்பு சாதகமாக வந்ததும் ஐகோர்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்த உத்தரவு விசாரணைக் கோர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து திருத்திய வாரண்ட் தொரப்பாடிக்குப் போய்ச் சேர வேண்டும். சான்றிட்ட நகலோடு விசாரணைக் கோர்ட் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதகமாக வந்தால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். வெளியே இருப்பவர் சரணடைந்த சான்றையோ, சரணடைவதிலிருந்து விலக்குக் கோரும் மனுவையோ சேர்க்க வேண்டும். தமிழில் உள்ள சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருப்பதால் ஐகோர்ட் தீர்ப்பு வந்த வாரத்திலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.